எலும்பின் நிழலில் தசை: முதிய பெண்களின் தசையிழப்பு மருத்துவ ஆய்வில் இடம்பெற்ற வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

எலும்பு நோயும் மூட்டு நோயும் கொண்ட முதிய பெண்களிடம் தசை மெலிவதை 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்களே கண்டிருந்தனர். எனினும் முதுமையில் நேரும் தசையிழப்பு தனிப்பெயர் பெற 1989ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இத்தாமதத்தை அறியாமை என்று மட்டும் கொள்ள இயலாது. ஓய்வையே மருந்தாகக் கருதிய கொள்கை, எலும்பை மட்டும் காட்டிய கருவிகள், பெண்களைச் சேர்க்காத முதுமை ஆய்வுகள் ஆகிய மூன்றும் இதற்குக் காரணமாயின என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: தசையிழப்பு, எலும்புப்புரை, முடக்குவாதம், மூட்டுத் தேய்வு, முதிய பெண்கள், பளுப் பயிற்சி.

முன்னுரை

முதுமையில் தசை வற்றுவது மனிதர் என்றும் கண்டறிந்த ஒன்று. புறநானூற்றின் 278ஆம் பாடல், போர்க்களத்தில் மகனைத் தேடிச் செல்லும் முதியவளை அவளுடைய உலர்ந்த தோளைக் கொண்டே அடையாளப்படுத்துகிறது. சித்த மருத்துவம் உடல் தாதுக்கள் ஏழனுள் ஊனையும் என்பையும் வெவ்வேறாக எண்ணி, ஒவ்வொன்றும் மிகுவதற்கும் குறைவதற்கும் தனித்தனிக் குறிகளைச் சொல்கிறது. ஆகவே ஊன் குறைதல் என்னும் கருத்து தமிழ் மருத்துவ மரபுக்குப் புதிதன்று. நவீன மருத்துவத்திலோ முதுமையின் எலும்புக் குறைவு 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே நோயாக ஏற்கப்பட்டது. தசைக்குறைவு அந்நிலையை அடைய மேலும் அரை நூற்றாண்டு சென்றது. இரண்டும் பெரும்பாலும் ஒரே உடலில், ஒரே வயதில், ஒன்றையொன்று தூண்டி வளர்பவை. அவ்வாறிருந்தும் ஒன்று நோயாகவும் மற்றொன்று வயதின் இயல்பாகவும் கொள்ளப்பட்டன. இவ்வேறுபாடு எவ்வாறு தோன்றியது என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

மூட்டைச் சுற்றிய தசை

18ஆம் நூற்றாண்டின் பிரித்தானிய அறுவை மருத்துவர் ஜான் ஹண்டர், காயமுற்ற மூட்டைச் சுற்றியுள்ள தசைகள் மெலிந்து போவதைக் கவனித்தார். மூட்டுக்கும் தசைக்கும் இடையே ஏதோ ஓர் உடன்பாட்டு உறவு இருப்பதாக அவர் கருதினார். ஜான் ஹில்டன் 1863இல் நூலாக வெளியிட்ட தம் சொற்பொழிவுகளில் அவ்வுறவுக்கு உடற்கூற்றியல் அடிப்படை தந்தார். ஒரு மூட்டுக்குச் செல்லும் நரம்பே அம்மூட்டை அசைக்கும் தசைகளுக்கும், அதன்மேல் உள்ள தோலுக்கும் கிளை தருகிறது என்பது இன்றும் ‘ஹில்டன் விதி’ எனப் பயிலப்படுகிறது. 1873இல் ஜேம்ஸ் பேஜட், நாட்பட்ட மூட்டழற்சி கொண்டவர்களின் தசைகள் நோயுற்ற மூட்டுகளை ஒட்டி மெலிவதை விவரித்தார். முடக்குவாதத்தில் நேரும் தசை நலிவைப் பற்றிப் பிற்காலத்தில் எழுதியோர் பலர் இவரிடமிருந்தே தம் வரலாற்றைத் தொடங்குகின்றனர்.

காரணம் குறித்து இரு தரப்புகள் உருவாயின. பிரான்சில் சார்கோவும் அவர் வழிவந்தோரும் இதனை முதுகுத்தண்டு வழியாக நிகழும் அனிச்சைச் செயலாகக் கண்டனர். அழற்சியுற்ற மூட்டிலிருந்து புறப்படும் உணர்வு, தசையை இயக்கும் நரம்பணுக்களை அடக்குகிறது என்பது அவர்கள் வாதம். 1890இல் ரேமண்ட் விலங்குகளின் முதுகுத்தண்டில் உணர்வு நரம்பின் வேர்களை அறுத்து இதனைச் சோதித்தார். மற்றொரு தரப்பு, அசைக்காத தசை மெலிகிறது, அவ்வளவே என்றது. 1920களில் ஹார்டிங் செய்த சோதனைகள் இரண்டாம் தரப்புக்கு வலுச் சேர்த்தன. 1965இல் டி ஆண்ட்ராடே, கிராண்ட், டிக்சன் ஆகியோர் மனிதர் முழங்கால் மூட்டுக்குள் நீர்மத்தைச் செலுத்தி, மூட்டு உப்பும்போது தொடையின் முன்தசை செயலடங்குவதை மின்பதிவால் காட்டினர். வலி இல்லாதபோதும் அடக்கம் நிகழ்ந்தது. அதனால் பிரெஞ்சுத் தரப்பு முற்றிலும் தவறன்று என்பது உறுதியாயிற்று. இரு தரப்பும் பாதி உண்மையைக் கொண்டிருந்தன. மூட்டு முதலில் தசையை அடக்குகிறது. அடங்கிய தசை பயன்பாடின்றி மெலிகிறது. மெலிந்த தசை மூட்டைத் தாங்குவதில்லை.

ஆனால் கோட்பாட்டில் முரண்பட்ட இத்தரப்புகள் நோயாளியின் படுக்கையருகே முரண்படவில்லை. அங்கு ஆட்சி செய்தது ஹில்டன் நூலின் மற்றொரு பாதி. 1877இன் இரண்டாம் பதிப்பு முதல் அந்நூல் ‘ஓய்வும் வலியும்’ என்ற பெயரால் அறியப்பட்டது. இயற்கை தானே ஆற்றிக்கொள்ள ஓய்வே துணை என்னும் அதன் கருத்து, காசநோய் பற்றிய மூட்டுகளுக்கும் சீழ் கொண்ட மூட்டுகளுக்கும் அக்காலத்தில் பொருந்தியதே. உயிர்கொல்லி மருந்துகள் இல்லாத நாளில் அசைவின்மை உயிர்காத்திருக்கும். பிழை அக்கொள்கையில் இல்லை. எல்லை கடந்து அதை நீட்டித்ததில் இருந்தது. முடக்குவாதம் கொண்டவர்களை வாரக்கணக்கில் மருத்துவமனைப் படுக்கையில் கிடத்தி, மூட்டுகளைச் சிம்பு வைத்துக் கட்டும் வழக்கம் 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிலும் தொடர்ந்தது. முடக்குவாத நோயாளிகளில் ஏறத்தாழ நால்வரில் மூவர் பெண்கள் என்பதால், இக்கொள்கையின் சுமை பெரிதும் பெண்ணுடல்மீதே விழுந்தது.

1945: படைவீரர் முழங்கால்

ஓய்வுக்கு எதிரான சான்று கிடைக்காமல் இல்லை. இரண்டாம் உலகப்போரின் இறுதியில், சிகாகோவில் இருந்த கார்டினர் இராணுவ மருத்துவமனையில் தாமஸ் டிலார்ம் என்னும் மருத்துவர், முழங்கால் காயமும் தொடையெலும்பு முறிவும் பெற்ற படைவீரர்களுக்குப் பளு தூக்கும் பயிற்சி அளித்தார். இளமையில் வாதக் காய்ச்சலால் படுக்கையில் கிடந்து, பின்னர் எடை தூக்கித் தம் உடலை மீட்டவர் அவர். எடையைக் குறைத்துப் பலமுறை அசைப்பதைவிட, எடையைக் கூட்டிச் சிலமுறை தூக்குவதே வலுவைத் தரும் என்பது அவர் கண்டது. அவரது கட்டுரை 1945இல் எலும்பு-மூட்டு அறுவை மருத்துவ இதழில் வெளியாயிற்று. இரண்டாண்டு கழித்து இங்கிலாந்தில் ரிச்சர்டு ஆஷர், படுக்கையில் கிடத்தலின் கேடுகளைப் பட்டியலிட்டுப் பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார். தசை வற்றுதலும் எலும்பு கரைதலும் அப்பட்டியலில் இருந்தன.

இவ்விடத்தில் வரலாற்றின் ஒரு பெரிய இடைவெளி தென்படுகிறது. டிலார்ம் மீட்ட தசையும், மூட்டுத் தேய்வு கொண்ட முதிய பெண்ணிடம் நலிவுறும் தசையும் ஒன்றே: தொடையின் முன்தசை. அது நலியும் வழியும் ஒன்றே. எனினும் 20 வயதுப் படைவீரனுக்கு 1945இல் அளிக்கப்பட்ட மருத்துவம், 80 வயதுப் பெண்ணுக்குப் பாதுகாப்பானதா என்று முறையாகச் சோதிக்கப்பட 45 ஆண்டுகள் ஆயின. படைவீரனை மீண்டும் களத்துக்கு அனுப்பும் தேவை அரசுக்கு இருந்தது. முதியவள் மீண்டும் அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் செல்வதை எந்த நிறுவனமும் தன் தேவையாகக் கருதவில்லை.

எலும்பு நோயான விதம்

இதே காலத்தில் எலும்பின் நிலை வேறாக இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஸ்ட்ராஸ்பர்க் நகரின் லோப்ஸ்டைன் ‘ஆஸ்டியோபோரோசிஸ்’ என்னும் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். முதியோரின் எலும்பு மென்மையாகி இடுப்பு எளிதில் முறிவதை ஆஸ்ட்லி கூப்பர் 1820களிலேயே எழுதினார். 1941இல் பாஸ்டனின் ஃபுல்லர் ஆல்பிரைட்டும் அவருடன் பணியாற்றியோரும் மாதவிடாய் நிறைவுக்குப் பிந்தைய எலும்புப்புரையைத் தனி நோயாக வரையறுத்தனர். ஈஸ்ட்ரோஜன் குறைவு என்னும் காரணமும், அதனை ஈடு செய்தல் என்னும் மருத்துவமும் அவ்வரையறையுடன் சேர்ந்தே வந்தன. பெயர், காரணம், மருந்து மூன்றும் ஒருங்கே கிடைத்ததால் எலும்பு விரைவில் ஆய்வுக்குரிய பொருளாயிற்று. எக்ஸ் கதிரில் எலும்பு தெரிகிறது, தசை தெரிவதில்லை என்பதையும் உடன் கருத வேண்டும். மூட்டுத் தேய்வின் நிலைகளைக் கணக்கிட 1957இல் கெல்கிரனும் லாரன்சும் வகுத்த அளவுகோல் முழுவதும் எக்ஸ் கதிர்ப் படத்தைச் சார்ந்தது. அதில் தசைக்கு இடமே இல்லை.

தசையும் எலும்பும் ஒரே அமைப்பின் இரு கூறுகள் என்னும் கருத்து இல்லாமற் போகவில்லை. எலும்பு தன்மேல் விழும் விசைக்கேற்ப உருமாறுகிறது என்பதை யூலியஸ் வோல்ஃப் 1892இல் விதியாகவே எழுதினார். ஹரால்டு ஃபிராஸ்ட் 1987இல் அதனைத் திருத்தி வளர்த்தார். எலும்பின்மேல் விழும் மிகப் பெரிய விசை உடல் எடையன்று, தசை இழுக்கும் இழுப்பே என்பது அவருடைய கோட்பாட்டின் உட்கிடை. அவ்வாறெனில் எலும்புப்புரை ஓரளவுக்குத் தசைநோயின் சுவடும் ஆகும். இக்கருத்து ஆய்வுக்கூடங்களில் மதிக்கப்பட்டது. வெளிநோயாளர் பிரிவில் சுண்ணாம்புச்சத்து மாத்திரையே தொடர்ந்தது.

கார்டிசோன் வரலாறு இவற்றினும் கசப்பானது. 1948 செப்டம்பரில் மேயோ மருத்துவ மையத்தில் ஃபிலிப் ஹென்ச், முடக்குவாதத்தால் முடங்கியிருந்த 29 வயதுப் பெண் ஒருவருக்கு அம்மருந்தைச் செலுத்தினார். சில நாள்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹென்ச், கெண்டல், ரைக்ஸ்டைன் மூவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆனால் இவ்வகை இயக்குநீர் உடலில் மிகும்போது தசை வற்றுவதும் எலும்பு மெலிவதும் ஹார்வி குஷிங் 1932இல் விவரித்த நோயிலேயே புலப்பட்டவை. மூட்டின் அழற்சியைத் தணித்த மருந்து, நீண்டகாலப் பயன்பாட்டில் அம்மூட்டைத் தாங்கும் தசையையும் எலும்பையும் கரைத்தது. முடக்குவாதத்துடன் முதுமையடைந்த பெண்களின் ஒரு தலைமுறை இவ்விரட்டை இழப்பைச் சுமந்தது. அவர்களிடம் தசை மெலிந்தது நோயாலா, மருந்தாலா, படுக்கையாலா, வயதாலா என்று பிரித்தறிய அன்று எவரும் முற்பட்டதாகத் தெரியவில்லை.

பெயரும் அளவுகோலும்

முதுமையைப் பற்றிய அறிவு எவர் உடலிலிருந்து திரட்டப்பட்டது என்பதும் இங்கு வினாவாகிறது. அமெரிக்காவின் பால்டிமோர் முதுமைத் தொடராய்வு 1958இல் ஆண்களை மட்டும் கொண்டு தொடங்கியது. பெண்கள் அதில் சேர்க்கப்பட்டது 1978இல். 1984இல் அவ்வாய்வு ‘இயல்பான மானிட முதுமை’ என்னும் தலைப்பில் பெருந்தொகுதியை வெளியிட்டபோது அதில் பெண்களைப் பற்றிய தரவுகள் இடம்பெறவில்லை. மானிடம் என்னும் சொல் அத்தலைப்பில் எவ்வளவு குறுகிப்போயிற்று என்பதை விளக்க வேண்டியதில்லை. இதற்கிடையே 1981இல் வெளியான ஃபிரேமிங்ஹாம் இயலாமை ஆய்வு வேறொரு செய்தியைத் தந்திருந்தது. 55 முதல் 64 வயது வரையுள்ள பெண்களில் 40 விழுக்காட்டினரும், 75 முதல் 84 வயது வரையுள்ள பெண்களில் 65 விழுக்காட்டினரும் ஏறத்தாழ 4.5 கிலோ எடையைத் தூக்க இயலாதவர்களாக இருந்தனர். அஃது ஒரு குழந்தையைவிடவும், ஒரு குடம் நீரைவிடவும் குறைந்த எடை.

1988இல் நியூ மெக்சிகோவின் ஆல்புகர்க்கி நகரில் முதியோர் ஊட்டநிலை குறித்து நடந்த கூட்டத்தில் இர்வின் ரோசன்பர்க், வயதுடன் குறையும் உடற்கூறுகளில் தசையைப் போல் வியப்பூட்டும் அளவு குறைவது வேறில்லை என்று சுட்டி, அதற்குக் கிரேக்கப் பெயர் இல்லாததே அது புறக்கணிக்கப்படக் காரணமோ என்று பாதி விளையாட்டாகக் கேட்டார். ஊன் என்னும் பொருளுடைய சொல்லையும் வறுமை என்னும் பொருளுடைய சொல்லையும் இணைத்து அவர் ஆக்கிய ‘சார்கோபீனியா’ 1989இல் அச்சேறியது. தமிழில் தசையிழப்பு எனவும் தசைமெலிவு எனவும் இதனை எழுதுகின்றனர். ‘ஊன்வறுமை’ என்பது மூலச்சொல்லுக்கு நேராக இருப்பினும் வழக்கில் இல்லை.

பெயர் வந்த பின் அளவு வேண்டியிருந்தது. அவ்வளவு எலும்பிலிருந்தே பெறப்பட்டது. 1987 முதல் பயன்பாட்டுக்கு வந்த டெக்சா கருவி எலும்பின் அடர்த்தியைக் கணிப்பதற்கென அமைந்தது. அதன் துணைப்பயனாகக் கொழுப்பும் கொழுப்பற்ற திசுவும் பிரித்தறியப்பட்டன. 1994இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஆய்வுக் குழு, இளம் பெண்களின் சராசரிக்குக் கீழே 2.5 திட்டவிலக்கம் என்னும் எல்லையை எலும்புப்புரைக்கு வகுத்தது. 1998இல் பாம்கார்ட்னர் குழுவினர் அதே முறையைத் தசைக்குப் பொருத்தினர். கைகால்களின் தசை நிறையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து, இளையோர் சராசரிக்கு 2 திட்டவிலக்கம் கீழே இருப்பது தசையிழப்பு என்றனர். பெண்களுக்கான எல்லை சதுர மீட்டருக்கு 5.45 கிலோ ஆயிற்று. எலும்பின் நிழலில் மறைந்திருந்த தசை, எலும்பின் கருவியாலும் எலும்பின் கணக்காலுமே வெளிச்சத்துக்கு வந்தது என்பது இவ்வரலாற்றின் முரண்.

இம்முரண் வெறும் சுவைக்குரியதன்று. டெக்சா தசையை நேரே அளப்பதில்லை. கொழுப்பும் எலும்பும் நீங்கிய எல்லாவற்றையும், உடல் நீர் உட்பட, ஒன்றாகவே எண்ணுகிறது. மூட்டு நோயுற்ற பெண்களிடம் இக்கணக்கு எளிதில் பொய்க்கும். 1997இல் இண்டியானாவில் ஸ்லெமெண்டா குழுவினர் 65 வயதைக் கடந்தோரை ஆராய்ந்தபோது, முழங்கால் மூட்டுத் தேய்வு எக்ஸ் கதிரில் தெரிந்தும் வலியே இல்லாத பெண்களிடமும் தொடையின் முன்தசை வலுவிழந்திருந்தது. தசை நிறையோ குறையவில்லை. அடுத்த ஆண்டு வெளியான தொடர்ச்சி, பின்னாளில் மூட்டுத் தேய்வுக்கு ஆளான பெண்களிடம் நோய் தோன்றுமுன்பே அவ்வலு ஏறத்தாழ 18 விழுக்காடு குறைந்திருந்ததைக் காட்டியது. ஆய்வுக்குட்பட்டோர் எண்ணிக்கை சிறிது என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. ஆயினும் மூட்டு கெட்டதால் தசை கெட்டது என்னும் இரு நூற்றாண்டு வரிசை தலைகீழாகவும் இருக்கலாம் என்பதற்கு அது முதற்சான்றுகளுள் ஒன்று. நிறையை மட்டும் அளந்திருந்தால் அப்பெண்கள் நலமுடையோர் என்றே கணக்கிடப்பட்டிருப்பர்.

முடக்குவாதத்தில் மறைப்பு வேறு வகையானது. 1994இல் ரூபெனோஃப் குழுவினர், முடக்குவாத நோயாளிகளின் உடல் உயிரணு நிறை ஒத்த வயதினரைவிடச் சுமார் 13 விழுக்காடு குறைந்திருந்ததைக் கண்டனர். ஓய்வில் செலவாகும் ஆற்றலோ கூடியிருந்தது. அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்னும் புரதத்தை இதற்குக் காரணமாகக் கருதினர். அதே புரதம் 1980களில் உடலை நலியச் செய்வது என்னும் பொருளில் ‘கேக்கெக்டின்’ எனப் பெயரிடப்பட்டிருந்தது. தசை குறையும் இடத்தைக் கொழுப்பு நிரப்புவதால் உடல் எடை மாறுவதில்லை. எடைக்கருவியை நம்பிய மருத்துவர் கண்ணுக்கு அப்பெண் மெலியவில்லை. சிலபோது பருத்தும் தோன்றினாள்.

டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்துகள் 1990களின் இறுதியில் முடக்குவாதத்துக்கு வந்தபோது தசையும் மீளும் என்னும் எதிர்பார்ப்பு எழுந்தது இயல்பே. மூட்டழற்சி தணிந்தது, இழந்த தசை தானே திரும்பவில்லை. 2009இல் லெம்மி குழுவினர் 28 நோயாளிகளை 24 வாரம் ஆராய்ந்தபோது, தசையை மீட்டது கூட்டிக்கொண்டே செல்லும் பளுப் பயிற்சிதான். அதாவது, டிலார்மின் முறை.

முதியவள் கையில் பளு

அம்முறை தொண்ணூறு வயதினரை அடைந்தது 1990இல். பாஸ்டனில் மரியா ஃபியாடரோன், முதியோர் இல்லவாசிகள் பத்துப் பேருக்கு எட்டு வாரம் பளுப் பயிற்சி அளித்தார். அவர்களுடைய சராசரி வயது 90. தொடையின் முன்தசை வலு சராசரியாக 174 விழுக்காடு கூடியது. இவ்வெண்ணின் பெருமையைவிட அதன் அடிநிலையைக் கவனிப்பது தகும்: தொடக்க வலு அவ்வளவு தாழ்ந்திருந்ததாலேயே உயர்வு அவ்வளவு பெரிதாயிற்று. அப்பத்துப் பேரிலும் மூட்டுத் தேய்வும் எலும்பு முறிவின் வரலாறும் அரிதாக இருக்கவில்லை. 1994இல் 100 பேரைக் கொண்டு நடந்த பெரிய சோதனை அம்முடிவை உறுதி செய்தது. அவர்களில் 63 பேர் பெண்கள். ஊட்டநீர் மட்டும் பெற்றவர்களிடம் அத்தகைய பயன் காணப்படவில்லை. அதே ஆண்டில் மிரியம் நெல்சன், மாதவிடாய் நிறைவுற்ற 39 பெண்களிடம் வாரம் இருமுறைப் பளுப் பயிற்சி ஓராண்டில் எலும்பு அடர்த்தி, தசை, வலு, உடற்சமநிலை நான்கையும் ஒருங்கே காத்ததைக் காட்டினார். 2003இல் நெதர்லாந்தில் வெளியான இரண்டாண்டுச் சோதனை, கடும் பயிற்சி முடக்குவாத நோயாளிகளின் செயற்றிறனைக் கூட்டியதைக் காட்டியது. ஆயினும் பெருமூட்டுகள் முன்பே மிகவும் சிதைந்திருந்தோர் குறித்து அவ்வாய்வாளர்கள் எச்சரிக்கை தெரிவித்தனர்.

இச்சான்றுகள் வரையறையையும் மாற்றின. 2018இல் திருத்தப்பட்ட ஐரோப்பியக் கருத்தொருமைப்பாடு நிறையைப் பின்னிறுத்தி வலுவை முன்வைத்தது. பெண்களுக்குக் கைப்பிடி வலு 16 கிலோவுக்குக் குறைந்தால் ஐயம் கொள்ள வேண்டும் என்றது. ஆசியக் குழு 2019இல் 18 கிலோ என்றது. 2020இல் அமெரிக்க ஆய்வாளர் குழுவொன்று டெக்சாவின் தசைக் கணக்கை வரையறையிலிருந்தே நீக்கப் பரிந்துரைத்தது. எலும்பிலிருந்து கடன்பெற்ற அளவுகோல் இவ்வாறு 22 ஆண்டுகளில் கைவிடப்படும் நிலையை அடைந்தது.

புதிய அளவுகளும் மூட்டையே சார்ந்துள்ளன என்பதை மறைக்க இயலாது. விரல் மூட்டுகள் கோணிய பெண், தசை வலு இருந்தும் பிடிப்புமானியை அழுத்தமாட்டாள். முழங்கால் தேய்ந்தவள் நாற்காலியிலிருந்து ஐந்துமுறை எழும் சோதனையில் பிந்துவாள். அத்தாழ்வு தசையினுடையதா மூட்டினுடையதா என்பதை அவ்வெண் சொல்லாது. கைமூட்டு மிகவும் பழுதுற்றோருக்குக் காலின் வலுவை அசைவின்றி அளக்கலாம் என்று ஐரோப்பிய ஆவணம் ஒரு வாக்கியத்தில் வழிவிடுகிறது. தசையிழப்பால் மிகுதியும் பாதிக்கப்படுவோர் நிலை அவ்வொரு வாக்கியத்துள் அடங்கியுள்ளது.

2018இல் ஆஸ்திரேலியாவின் கிரிஃபித் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வாட்சன், பெக் ஆகியோரும் உடன் ஆய்ந்தோரும், எலும்படர்த்தி குறைந்த 101 பெண்களைக் கொண்ட சோதனையை வெளியிட்டனர். வாரம் இருமுறை, அரைமணி நேரம், எட்டு மாதம். தரையிலிருந்து பளுவைத் தூக்குதல், தோளில் பளு தாங்கிக் குந்தி எழுதல், தலைக்குமேல் உயர்த்துதல், தொங்கி எம்பிக் குதித்தல் ஆகியவை அப்பயிற்சிகள். ஒருமுறை தூக்கக்கூடிய உச்ச எடையில் 85 விழுக்காட்டுக்கு மேல் அவர்கள் தூக்கினர். எலும்பு முறிந்துவிடும் என்று அதுவரை விலக்கப்பட்டிருந்த எடை அது. முதுகெலும்பின் அடர்த்தியும் கால்களின் வலுவும் கூடின. பயிற்சியால் நேர்ந்ததாகப் பதிவான கேடு ஒன்றே: ஒருவருக்கு இடுப்பில் லேசான தசைப்பிடிப்பு.